மன்னிப்பு கிடைத்த பிறகும் மனம் ஏன் உறுத்துகிறது?

உங்கள் பதிவில் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் விஷயம் புரியட்டும். அப்பா இறந்த பிறகு வீட்டை முழுக்க உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள, அக்காவிடம் "பேங்க் லோனுக்கு ஒரு கையெழுத்து வேண்டும்" என்று சொல்லி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். அக்காவுக்குப் பின்னால் உண்மை தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை, உங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் புற்றுநோயில் இறந்தும் போனார். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனையோ தடவை அழுது அறிக்கை செய்திருக்கிறீர்கள், உபவாசம் இருந்திருக்கிறீர்கள், கன்வென்ஷன் கூட்டத்தில் முன்னால் போய் ஜெபம் செய்துகொண்டிருக்கிறீர்கள். இருந்தும் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு வந்தால் ஆராதனையின் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள். "தேவன் என்னை இன்னும் மன்னிக்கவில்லையா, இல்லை எனக்குத்தான் விசுவாசம் போதவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், இதையெல்லாம் பதினேழு வயது மகனிடம் சொல்ல வேண்டுமா என்றும் ஒரு கேள்வி.

உங்கள் உண்மையான கேள்வி தேவன் மன்னிப்பாரா என்பதல்ல என்று நினைக்கிறேன். அதை நீங்கள் நம்புகிறீர்கள், நம்பாதவர் இத்தனை தடவை அவரிடம் போகமாட்டார். மன்னிப்பு உண்மை என்றால் இந்த உறுத்தல் ஏன் போகவில்லை என்பதுதான் உங்களை அரிக்கிறது. நீங்கள் தரும் இரண்டு விடைகளையும் நான் ஏற்கவில்லை. சபை ஊழியத்திலும், பிறகு மருத்துவமனையில் நோயாளிகளோடும் குடும்பங்களோடும் உட்கார்ந்து பேசும் ஊழியத்திலும் என் காலம் போயிருக்கிறது. இதே பாரத்தோடு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரிடமும் மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகப் பின்னிக்கிடந்தன: தேவனுக்கு முன் செய்த பாவம், ஒரு மனிதருக்குத் தீர்க்காமல் வைத்திருக்கும் கடன், மனதில் ஏற்பட்ட காயம். மூன்றுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒன்று ஆறும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

அதற்குள் போகும் முன் ஒன்று. நான் மனநல மருத்துவன் அல்ல. ஆனால் "சில நாள் உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வேதவசனம் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. தூக்கமும் சரியாக இல்லை என்கிறீர்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை எந்த நேரத்தில் அந்த எண்ணம் அழுத்தினாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழிலும் பேசலாம். மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகளில், அளவுக்கு மீறிய குற்ற உணர்வும் ஒன்று என்று மருத்துவம் சொல்கிறது. அந்த நோய் இருந்தால் எவ்வளவு சத்தியத்தைக் கேட்டாலும் மனம் அதை உள்ளே வாங்காது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, முதல் காரியம். தேவனுடைய மன்னிப்பைப் பற்றி நான் கொஞ்சமும் தயங்காமல் பேச முடியும். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதுகிறார். இந்த வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மன்னிப்பு எதன்மேல் நிற்கிறது என்று அதில் பாருங்கள். நீங்கள் எவ்வளவு அழுதீர்கள் என்பதன்மேலும் இல்லை, எழுந்தபோது மனம் லேசாக இருந்ததா என்பதன்மேலும் இல்லை. அவர் வாக்கு மாறாதவர், சிலுவையில் தீர்க்கப்பட்டதை மறுபடி கேட்காத நீதியுள்ளவர் என்பதன்மேல் நிற்கிறது. அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி இன்னொரு வசனம் இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." விசுவாசியின் இருதயம் அவனைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டே இருக்கக்கூடும் என்று யோவானுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அந்த ஆளைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. கடைசித் தீர்ப்பு உன் இருதயத்தின் கையில் இல்லை என்றுதான் சொல்கிறார்.

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவும் வைத்த தாவீது ராஜாவைப் பாருங்கள். நாத்தான் தீர்க்கதரிசி வந்து குற்றத்தை உடைத்துச் சொன்னபோது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். மன்னிப்பின் வார்த்தை அடுத்த மூச்சிலேயே வந்துவிட்டது, 2 சாமுவேல் 12-ல் இரண்டும் ஒரே வசனம். ஆனால் அந்தச் சம்பவத்தைத் தலைப்பில் வைத்திருக்கும் 51-ம் சங்கீதத்தில் "என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்று அவர் அழுகிறார். மன்னிப்பு ஒரு நொடியில் அறிவிக்கப்படுகிறது, மனம் அதன் பின்னால் மெதுவாக நடந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தை நீங்கள் அவிசுவாசம் என்று நினைத்துவிட்டீர்கள்.

இதே பாவத்தை மறுபடி மறுபடி அறிக்கை செய்வதை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். முதல் தடவை உண்மையாகச் சொன்னபோதே அது கேட்கப்பட்டது. அதற்குப் பிறகு சொல்வதெல்லாம், கேட்டிருப்பாரோ மாட்டாரோ என்ற பயத்திலிருந்து வருகிறது. எர்ஃபுர்ட் மடத்தில் இளம் துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் இப்படித்தான் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார், முடித்து வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும். அவருடைய துறவற சபைக்குத் தலைவராக இருந்த ஸ்டவ்பிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டார். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலாவின் கதை இன்னும் கடுமையானது. 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, ஏற்கெனவே முழுமையாக அறிக்கை செய்த பழைய பாவங்களே அவரைத் துரத்தின. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பழைய பாவங்களை இனிமேல் அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானம் எடுத்தபோதுதான் அவருக்கு விடுதலை வந்தது. இன்றைய மருத்துவர்கள் இந்த நிலையை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகை என்று அடையாளம் காண்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு, மன்னிக்கப்பட்டாய் என்று நாம் திரும்பத் திரும்ப உறுதி சொல்லச் சொல்ல நோய் வளரும், உறுதி கேட்கும் பழக்கத்தை விடப் பழக்குவதுதான் சிகிச்சை. உங்களுக்கு அது இருக்கிறதா என்று எழுத்தை வைத்து நான் சொல்ல முடியாது. அறிக்கை செய்தபின் சில மணி நேரம் மட்டும் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே பயம் என்று சுற்றி வந்தால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் இந்த உறுத்தல் எல்லாம் சாத்தானின் குற்றச்சாட்டு, தள்ளிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பதிவுக்கு வந்திருக்கும் பதில்களில் பலவும் அதைத்தான் சொல்கின்றன. அன்பாகச் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் அது பாதி தவறு. அக்காவின் பங்கு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அந்த வீட்டில்தான் நீங்கள் தூங்கி எழுகிறீர்கள். உங்கள் மனச்சாட்சியில் ஒரு பகுதி நோயால் கத்தவில்லை, சரியாக வேலை செய்கிறது. அதை ஜெபத்தால் அடக்கப் பார்த்ததால்தான் ஜெபமே உங்களுக்குக் கசந்துபோயிருக்கிறது.

இரண்டாவது காரியம், தீர்க்காத அந்தக் கடன். வேதம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. லேவியராகமம் 6-ம் அதிகாரம், பிறனை ஏமாற்றி எடுத்துக்கொண்டவனைப் பற்றியே பேசுகிறது. அவன் எடுத்த முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியையும் கொண்டுவர வேண்டும். பலி இருக்கிறது என்பதற்காக முதலை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. எண்ணாகமம் 5-ம் அதிகாரத்தில் உங்களுக்காகவே எழுதியதுபோல ஒரு பகுதி வருகிறது: ஈடு வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் செலுத்தப்பட்டு ஆசாரியனைச் சேரும். அதாவது, அநியாயம் செய்யப்பட்டவர் இறந்துவிட்டால் கடனும் அவரோடு செத்துப்போவதில்லை. உரியவர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும், ஒருவரும் இல்லாவிட்டாலும் உன் கையில் இருக்கக் கூடாது. உங்களுக்குத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. அக்காவின் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், மகன் வேலைக்குப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கொடுத்துத்தான் மன்னிப்பை வாங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் எது முதலில் நடந்தது என்று லூக்கா 19-ல் பாருங்கள். இயேசு முதலில் அண்ணாந்து பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் வீட்டுக்குள் போனார், ஊரே முறுமுறுத்தது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஏற்றுக்கொள்ளப்பட்ட மகிழ்ச்சியில்தான் அவன் கை திறந்தது. பயத்தில் கொடுப்பவன் எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கணக்குப் பார்ப்பான். சகேயு சட்டம் கேட்டதற்கு மேலேயே கொடுத்தான்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "அக்காவுக்கு முப்பது பவுன் போட்டுத்தான் கல்யாணம் செய்து கொடுத்தோம்" என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கு. நகை போட்டதால் மகளின் பங்கு கழியாது. நம் குடும்பங்களில் இந்தப் பேச்சு மிகவும் சகஜமாகிவிட்டது, சபையிலும் யாரும் இதைப் பாவம் என்று கண்டிப்பதில்லை. அதனால்தான் பாவ அறிக்கையின் நடுவிலேயே இந்தச் சாக்கு உங்கள் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மன்னிப்பு உள்ளே இறங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுமையாகச் சொல்லப்படாத குற்றம் முழுமையாக விட்டுப்போவதில்லை. "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32-ம் சங்கீதம் சொல்வது இந்த அரைகுறை நிலையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படிச் செய்வது? பத்திரம், முத்திரைத்தாள் செலவு, பங்கை வீடாகக் கொடுப்பதா பணமாகக் கொடுப்பதா என்பதையெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், என் துறை அதுவல்ல. பிள்ளைகளிடம் பேசுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போனில் பேச வேண்டாம், நேரில் போங்கள். "உங்கள் அம்மாவிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இது உங்கள் பங்கு, உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்" என்ற அளவில் பேச்சு இருக்கட்டும். உங்கள் வேதனையை, தூக்கமில்லாத இரவுகளை, செய்த உபவாசங்களை அங்கே விவரிக்காதீர்கள். தாயை இழந்த பிள்ளைகள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமை வந்துவிடும். "மாமாவை மன்னித்துவிடுங்கள்" என்று அந்த இடத்திலேயே கேட்டு அவர்கள் வாயை அடைக்காதீர்கள். நம் ஊரில் பெரியவர் ஒருவர் கண்ணீரோடு கேட்டால் சின்னவர்களால் மறுக்க முடியாது. அப்படி வாங்கும் மன்னிப்பும் அந்தப் பழைய கையெழுத்தைப்போல ஆகிவிடும். அவர்கள் கோபப்படலாம், கதவைச் சாத்தலாம், பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு முகம் திருப்பிக்கொள்ளலாம். மன்னிப்பார்கள் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவர்கள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் பங்கு அவர்களுடையது.

அக்காவிடமிருந்து மன்னிப்பு இனி கேட்க முடியாது என்பதுதான் உங்களை மிகவும் வாட்டுகிறது என்று புரிகிறது. இங்கே நான் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். இறந்தவர்கள் இப்போது நம்மை மன்னிக்கிறார்களா, நாம் சொல்வதைக் கேட்கிறார்களா என்று வேதம் நேராக எங்கும் சொல்லவில்லை. கத்தோலிக்க சகோதரர்கள் இறந்தோருக்காக ஜெபிக்கிறார்கள். சீர்திருத்த சபைகளில் நாம் அப்படிச் செய்வதில்லை. அக்கா உங்களை மன்னித்துவிட்டார் என்று கனவிலோ தரிசனத்திலோ கண்டதாக யாராவது வந்து சொன்னால் அதன்மேல் உங்கள் நிம்மதியைக் கட்டாதீர்கள். அக்கா இருக்கிற இடத்தில் நியாயம் முழுமையாக அறிந்தவர் இருக்கிறார், அவர் அக்காவுக்கும் உங்களுக்கும் ஆண்டவர். அந்த அளவுக்குமேல் எனக்குச் சொல்ல அதிகாரமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் பதிவில் குற்றத்தைப் பற்றி எழுதியதைவிட, அக்கா சின்ன வயதில் உங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனதைப் பற்றித்தான் அதிகமாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குற்ற உணர்வு என்று பேர் வைத்திருப்பதில் ஒரு பெரிய பங்கு துக்கம். நல்லபடியாக அழுது தீர்க்காத சாவு அது. அடக்கத்துக்குப் போனபோதும் ஓரமாகத்தான் நின்றேன் என்கிறீர்கள். துக்கத்துக்கு மன்னிப்பு மருந்தல்ல. கல்லறைக்குப் போங்கள், அக்காவைப் பற்றி உங்கள் மனைவியிடமும் மகனிடமும் பேசுங்கள், அவர் பேர் வீட்டில் புழங்கட்டும்.

மூன்றாவது, மனதின் காயம், அதாவது வெட்கம். குற்ற உணர்வு நான் செய்தது தப்பு என்கிறது, வெட்கமோ நானே தப்பான ஆள் என்கிறது. குற்ற உணர்வு ஈடு செய்ய வைக்கும், வெட்கம் ஒளிய வைக்கும். திருவிருந்தின்போது நீங்கள் எழுந்து போவது வெட்கத்தின் வேலை. இயேசு சொன்ன கதையில் வரும் கெட்ட குமாரன் தூர தேசத்தில் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தான்: பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் அவன் சொன்னதை லூக்கா 15-ல் ஒப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கடைசிப் பகுதி மட்டும் வருவதில்லை. தகப்பன் அதற்குள் வேலைக்காரர்களைப் பார்த்து வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மகனாக வேண்டாம், கூலியாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுகிறேன் என்ற அந்த ஏற்பாட்டைத் தகப்பன் காதில்கூட வாங்கவில்லை. நீங்கள் செய்துகொண்டிருப்பது அந்தக் கூலி வேலைதான், தம்பி. விருந்தைவிட்டு வெளியே நின்று உங்களையே தண்டித்துக்கொள்கிறீர்கள், அது பக்தி என்று நினைக்கிறீர்கள்.

"அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்" என்ற வசனம்தான் உங்களைத் துரத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 11-ஐ 17-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் கோபப்படுகிறார். மனம் நொந்து வருகிறவனைத் துரத்த எழுதிய எச்சரிப்பு அல்ல அது. அவர் சொல்வது, "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துவிட்டு வெளியே போ என்று அங்கே இல்லை. ஆனாலும் அந்த எச்சரிப்பு உங்களைத் தொடாமலும் இல்லை, கூடப்பிறந்தவளின் பங்கைத் தின்றுவிட்டு ஒரே அப்பத்தில் பங்கு கேட்பதைப் பற்றியதுதானே அது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் ஆண்டவரே சொல்கிறார். அப்படியானால் பங்கைக் கொடுத்து முடிக்கும்வரை திருவிருந்து எடுக்கக் கூடாதா? இதில் ஆயர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். நான் சொல்வது இது: மனைவியிடம் பேசி, வழக்கறிஞரைப் பார்த்து, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நாளையும் குறித்துவிட்டீர்கள் என்றால் மனந்திரும்புதல் காலெடுத்து வைத்துவிட்டது, அந்த ஞாயிறே வாருங்கள். பத்திரப்பதிவு முடியவோ, பிள்ளைகள் முகம் மலரவோ காத்திருக்க வேண்டாம். ஒன்றுமே செய்வதாக இல்லை, மனதுக்கு ஆறுதல் மட்டும் வேண்டும் என்றால், வெளியே போவது நேர்மையான செயல் என்றுதான் சொல்வேன்.

வெட்கத்தைப் பற்றி என் அனுபவத்தில் உறுதியாகக் கண்டது ஒன்று. தனியாக எவ்வளவு ஜெபித்தாலும் அது லேசில் போவதில்லை, இன்னொரு மனித முகத்துக்கு முன்னால்தான் அது உடைகிறது. நீங்கள் பயப்படுவது எதை? யாருக்காவது தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை. அப்படியானால் ஒருவருக்குத் தெரிந்த பிறகும் அவர் உங்களைவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதியதன் காரணம் இதுவாக இருக்கலாம். கத்தோலிக்கர்களுக்குக் குருவிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. லூத்தரும் தனி அறிக்கையைத் தூக்கி எறியவில்லை, கட்டாயத்தை மட்டும் எடுத்துவிட்டு வைத்துக்கொண்டார். நாஜிகள் காலத்தில் ஜெர்மனியின் ஃபிங்கன்வால்டேயில் 1935 முதல் 1937 வரை இறையியல் மாணவர்களைப் பயிற்றுவித்த டீட்ரிக் போன்ஹோஃபர், திருவிருந்துக்கு முன் ஒரு சகோதரனிடம் போய் அறிக்கை செய்யும்படி மாணவர்களை ஊக்கப்படுத்தினார். நம் சபைகளில் பொது பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறோம். ஆயர் பாவமன்னிப்பு கூறும் நேரத்தில் பாதிப் பேர் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். உங்கள் பேரைச் சொல்லி, உங்கள் பாவத்தைக் கேட்ட ஒருவர், "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் இது உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது வேறு அனுபவம்.

யாரிடம் போவது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். சபைகளில் விஷயம் கசியும், அந்தப் பயம் நியாயமானது. உங்கள் ஆயர் வாய் காப்பவர் என்றால் அவர், இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கும் ஒரு மூத்த ஆயர், அல்லது முதிர்ந்த விசுவாசி ஒருவர். கேட்டதும் உடனே "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்பவரும் வேண்டாம், கேட்டதும் முகம் சுளிப்பவரும் வேண்டாம். கூட்டத்தில் எழுந்து சாட்சியாகச் சொல்லாதீர்கள். அக்காவின் பிள்ளைகளுடைய குடும்ப விஷயம் அது, மேடையில் வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

இவ்வளவும் செய்தபின் நினைவு போய்விடுமா? போகாது. "உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மனநல ஆலோசகர்கள் பொறுப்போடு அதைச் சொல்லும்போது அதில் நல்லதும் இருக்கிறது. ஆனால் வேதம் அப்படி ஒன்றை எங்கும் நம்மிடம் கேட்பதில்லை, அது எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. நானே நீதிபதியாக இருந்து எனக்குத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, எழுதப்பட்ட தீர்ப்பை ஏற்றுக்கொண்டால் போதும். "ஆச்சரியமான கிருபை" (Amazing Grace) பாடலை எழுதிய ஜான் நியூட்டனை நினைத்துப் பாருங்கள். 1748-ல் நடுக்கடலில் புயலில் சிக்கியபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார், அதுவே மனமாற்றத்தின் தொடக்கம் என்று பின்னாளில் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், கப்பல் தலைவராகவும் இருந்தார். 1764-ல் குருவானார். தான் செய்தது எவ்வளவு கொடுமை என்று ஊரறிய எழுதி வெளியிட 1788 வரை ஆனது. ஒருகாலத்தில் அந்தத் தொழிலில் நானும் கருவியாக இருந்தேன் என்ற நினைவு எப்போதும் என்னைத் தாழ்த்தும் என்று அதில் எழுதினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடியவர்களுக்கு அவருடைய நேரடிச் சாட்சியம் பெரிய பலமாக இருந்தது. 1807-ல் சட்டம் வந்தது, அதே ஆண்டின் இறுதியில் அவர் இறந்தார். கிருபையைப் பற்றி உலகமே பாடும் பாட்டை எழுதியவருக்கு நினைவு அழியவில்லை. அது அவரை முடக்கிப் போடாமல் வாய் திறக்க வைத்தது. பவுலும், சபையைத் துன்பப்படுத்தினேன், அப்போஸ்தலன் என்று பேர்பெறப் பாத்திரன் அல்ல என்று கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார், அந்த வாயாலேயே "ஆகிலும் நான் இருக்கிறது தேவ கிருபையினாலே இருக்கிறேன்" என்றும் சொன்னார். வலி குறையும். ஆண்டுகள் ஆகலாம், சில நாட்களில் பழைய வேகத்தோடு திரும்பவும் வரலாம். அந்த நாளில் புதிதாக அறிக்கை செய்ய உட்காராதீர்கள். இது தீர்ந்த காரியம் என்று சொல்லிவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள்.

மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அந்த வீடு அவருடைய பாதுகாப்பும்கூட, அவருக்குத் தெரியாமல் பங்கு பிரித்தால் இன்னொரு ஏமாற்று வேலை ஆகிவிடும். அவருக்குக் கோபம் வரும், நேரம் கொடுங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டி வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மகனுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது என்றால் முடியட்டும். ஆனால் பத்திரம் பதிவாகும் முன் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவன் பங்கும் குறையப்போகிறது, ஏன் குறைந்தது என்று அத்தை பிள்ளைகள் மூலமாக அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. நீளமாகப் பேச வேண்டாம். அத்தையிடம் என்ன செய்தீர்கள், இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அக்கா பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது தானும் வருகிறேன் என்று அவன் சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள்.